நேரலையிலிருந்து குடும்ப ஜெபத்துக்கு: எங்கள் சேகரத்தின் சமூக ஊடக ஊழியம்

தாமிரபரணிக் கரையை ஒட்டிய எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) 2020 முதல் சமூக ஊடகங்களைப் பலவாறு பயன்படுத்திப் பார்த்துவந்தோம். கடந்த லெந்து என்னும் தவக்காலத்தில்தான் ஓர் ஏற்பாடு உண்மையாகவே நிலைபெற்றது. ஆலயத்துக்கு வர இயலாத முதியோரும் நோயாளிகளும் இருக்கும் வீடுகளுக்கு, இரவுக் குடும்ப ஜெப வேளைக்குச் சற்று முன்னதாக, நான்கு நிமிட ஒலிப்பதிவு ஒன்று வாட்ஸ்அப் வழியாகச் சென்று சேர்கிறது. கேட்டவர்கள் பதில் அனுப்புகிறார்கள். அந்தப் பதிலைக் கொண்டு குருவானவரோ சேகர கமிட்டியைச் சேர்ந்த எங்களில் ஒருவரோ அந்த வீட்டுக்குப் போகிறோம். இந்த எளிய நிலைக்கு வந்துசேர எங்களுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. இதே முயற்சியில் இறங்கியிருக்கும் பிற சபைகளுக்குப் பயன்படும் என்பதால், செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 உயிர்த்தெழுந்த திருநாள் என்று அடுத்தடுத்து வந்த நாட்களில் ஆலயக் கதவுகள் மூடியே இருந்தன. அப்போது யூடியூப் செயலி வழியாகக் கைபேசியிலிருந்து நேரலை செய்ய 1,000 சந்தாதாரர்கள் தேவைப்பட்டார்கள். இப்போது 50 பேர் போதும். ஆகவே முகநூலில் தொடங்கினோம். பிரசங்க பீடத்துக்கு எதிரே ஓர் இருக்கையின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்ததே எங்கள் முழுக் கருவி. படம் ஓரளவு தெளிவாக இருந்தது. ஒலிதான் கேட்கும்படி இல்லை. உயரமான கூரையும் வெறும் சுவர்களும் கொண்ட ஆலயத்தில், மக்கள் இல்லாத வேளையில், ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லின் மேல் ஏறி விழுந்தது. அந்த நாட்களில் அதையும் நன்றியோடு பார்த்தவர்கள் உண்டு. ஆனால் ஆலயம் திறந்த பிறகும் நேரலையைத் தொடர்வது என்று கமிட்டி முடிவு செய்தபோது, முதலில் ஒலியைச் சரிசெய்யாமல் வேறு எதற்கும் பணம் செலவழிக்கக்கூடாது என்று நான் கேட்டுக்கொண்டேன். இன்றும் என் கருத்து அதுவே. படம் மங்கினால் பொறுத்துக்கொள்ளும் மனிதர், சொல் விளங்காவிட்டால் இரண்டு நிமிடத்தில் கைபேசியைக் கீழே வைத்துவிடுவார்.

மைக்குகளின் ஒலிகளைக் கலந்து கொடுக்கும் மைக்செட்டின் மிக்சரிலிருந்து நேராகக் கைபேசியின் ஹெட்செட் துளைக்குக் கம்பி இழுத்தது அடுத்த முயற்சி. அது பயன்படவில்லை. அந்தத் துளை மைக்கின் மிக மெல்லிய மின்குறியை எதிர்பார்ப்பது; மிக்சரிலிருந்து வருவதோ அதைவிடப் பல மடங்கு வலிமையானது. ஆகவே குரல் உடைந்து கரகரத்தது. மிக்சரின் ஒலியைக் கணினிக்கு ஏற்ப மாற்றித்தரும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கி, பழைய மடிக்கணினியில் இணைத்து, நேரலையை அனுப்ப உதவும் ஓபிஎஸ் என்னும் இலவச மென்பொருளைப் போட்டதும் குரல் தெளிந்தது. அதோடு ஓர் இரைச்சலும் வந்தது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நின்றது, செருகினால் திரும்பியது. எர்த் கம்பி வழியாக உண்டாகும் வேண்டாத மின்சுற்றே காரணம் என்று அதிலிருந்தே தெரிந்தது. அந்த இரைச்சலைத் தடுக்கும், 750 ரூபாய் விலையுள்ள ஹம் எலிமினேட்டர் ஒன்றைக் கம்பியின் நடுவே செருகியதும் அது தீர்ந்தது. கம்பிகளுக்கு 650 ரூபாய் ஆயிற்று.

இத்தனைக்குப் பிறகும் ஏதோ ஒன்று குறைந்தது. வீட்டில் படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டியைப் பார்க்கப் போயிருந்தபோது, நேரலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஐயர் பேசுறது நல்லாக் கேக்குது தம்பி, ஆனா கோயில்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கு” என்றார்கள். அன்று மாலையே பதிவைக் காதில் மாட்டிக் கேட்டேன். அவர்கள் சொன்னது சரி. மைக்கின் முன் நிற்கும் குருவானவரும் பாடகர் குழுவும் மட்டுமே பதிவில் இருந்தார்கள். சபை முழுவதும் எழுந்து நின்று பாடும் பாமாலை அதில் இல்லவே இல்லை. மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கி, மின்விசிறிகளுக்கு விலகிய இடத்தில், தரையிலிருந்து பத்தடி உயரத்தில் சபையை நோக்கித் தொங்கவிட்டோம். அதற்குத் தேவையான 48 வோல்ட்டை மிக்சரே கொடுக்கிறது. 100 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டியதும் விசிறியின் உறுமல் பெருமளவு குறைந்தது. நேரலைக்கான ஒலியை, ஆலயத்துக்குள் ஒலிக்கும் கலவையிலிருந்து எடுக்காமல் மிக்சரின் ஆக்ஸ் என்னும் தனி வெளியீட்டு வழியாக எடுத்து, பேச்சின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தோம். சபையின் மைக்கைப் பாட்டு வேளையில் ஏற்றி, செய்தி வேளையில் இறக்க ஒருவர் மிக்சரருகே உட்கார வேண்டும். வாலிபர் ஐக்கியத்தில் இருவர் இந்தப் பணியை முறைவைத்துச் செய்கிறார்கள். ஆராதனையின் ஒழுங்கை அறிந்தவர்களே இதைச் செய்ய முடியும். எப்போது அமைதி வரும், எப்போது சபை பதிலுரைக்கும் என்பது தெரியாதவரின் கை எப்போதும் ஒரு வரி பிந்தும்.

படத்துக்கு அதிகம் செலவிடவில்லை. சபை உறுப்பினர் ஒருவர் கொடுத்த பழைய ஹேண்டிகேம், கேமராவின் படத்தைக் கணினிக்குக் கொண்டுசேர்க்க 1,200 ரூபாய்க்கு ஒரு கேப்ச்சர் கார்டு, 1,500 ரூபாய்க்கு ஒரு முக்காலி. கேப்ச்சர் கார்டு படத்தைச் சற்றுத் தாமதமாகக் கொண்டுவந்ததால் உதடும் சொல்லும் பொருந்தவில்லை. கேமரா முன் கைதட்டிப் பதிவுசெய்து பார்த்து, ஓபிஎஸ்ஸில் ஒலியை 150 மில்லி விநாடி தள்ளிப்போட்டதும் பொருந்தியது. மின்தடை இன்னொரு தொல்லை. ஜெனரேட்டர் எழும் சில விநாடிக்குள் ரவுட்டர் அணைந்து, மீண்டும் உயிர்பெற இரண்டு மூன்று நிமிடமாகும். அதற்குள் நேரலை அறுந்துவிடும். 3,400 ரூபாய்க்கு ஒரு யூபிஎஸ் வாங்கி ரவுட்டரையும் மிக்சரையும் அதில் இணைத்தோம். ஆக 13,500 ரூபாயில் கருவிகள் முடிந்தன. பிராட்பேண்டுக்கு மாதம் வரியுடன் சுமார் 700 ரூபாய். புதிய சேனல் தொடங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யூடியூப்பில் முதன்முறை நேரலை வசதியைக் கேட்டால், அது திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். பண்டிகைக்கு முந்தின இரவு தொடங்கினால் காலையில் கைவிரிக்க நேரிடும்.

பாட்டுகள் பற்றியும் ஒரு சொல். தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையை எங்கள் பாடகர் குழுவே பாடியிருந்தபோதும், வேறொரு நிறுவனத்தின் ஒலிப்பதிவோடு ஒத்துப்போவதாக யூடியூப்பின் தானியங்கிக் கண்காணிப்பு உரிமை கோரலை எழுப்பியது. சாஸ்திரியார் மறைந்தது 1864-இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் படைப்பின் பதிப்புரிமை முடிந்துவிடும். இதை எழுதி மறுப்புத் தெரிவித்தோம். உரிமை கோருபவர் பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கோரலை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் ஆராதனைக்கு முன் ஆலயத்தில் போட்டிருந்த குறுந்தகட்டுப் பாட்டு நேரலையில் கலந்து அந்தப் பகுதி ஒலியிழந்தபோது மறுப்பதற்கு இடமில்லை. ஒலிப்பதிவின் உரிமை வேறு, பாட்டின் உரிமை வேறு. இப்போது முதல் மணி அடித்த பிறகே நேரலை தொடங்குகிறது.

இவ்வளவும் சரியாக அமைந்த பின்னர்தான் ஊழியம் பற்றிய கேள்வி எழுந்தது: இதை யார் பார்க்கிறார்கள்? யூடியூப் காட்டும் வரைபடத்தை மாதந்தோறும் கமிட்டிக்குக் கொண்டுபோனேன். பெரும்பாலோர் சில நிமிடங்களில் விலகிவிடுகிறார்கள், செய்தி தொடங்கும் இடத்தில் கோடு சற்று எழுகிறது, பிறகு தாழ்கிறது. காரணத்தை வீடுகளில் விசாரித்தபோது இரண்டு தெரிந்தன. முதலாவது டேட்டா. நாங்கள் 720 பி தரத்தில், விநாடிக்கு 2.5 மெகாபிட் வேகத்தில் அனுப்பினோம். ஒன்றரை மணி நேர ஆராதனைக்கு அது ஏறத்தாழ 1.7 ஜிபி ஆகிறது. ஒரு நாளுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தில் ரீசார்ஜ் செய்திருக்கும் வீட்டில் அதே தரத்தில் பார்த்தால், கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பே அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். வீட்டில் ஒரே ஒரு கைபேசி, அதுவும் பேரன் கையில் இருப்பது என்றால் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது நேரம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே நேரலையைத் தொடர்ந்தோம். ஆனால் சவூதியிலும் குவைத்திலும் கத்தாரிலும் வெள்ளியும் சனியுமே விடுமுறை. நம்முடைய ஞாயிறு காலை அவர்களுக்கு வேலைநாள் காலை. அமீரகத்தில் மட்டும் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்கு சனி, ஞாயிறு விடுமுறையானது. நாங்கள் யாருக்காக நேரலை செய்வதாக எண்ணினோமோ, அவர்கள் அந்நேரத்தில் வேலைத்தளத்துக்குப் போகும் பேருந்தில் இருந்தார்கள். முழு ஆராதனையையும் பிறகு தேடிப் பார்ப்பவர்கள் சிலரே. செய்தியை மட்டும் வெட்டி, ஒலியாக மாற்றி, ஞாயிறு இரவு அனுப்பத் தொடங்கியதும் அவர்களிடமிருந்து பதில்கள் வந்தன.

வெளிநாட்டில் இருப்போருக்கு நேரலை தவிர்க்க முடியாத உதவியாக அமையும் ஒரு வேளை உண்டு. அது அடக்க ஆராதனை. பெற்றோரின் அடக்கத்துக்கு வந்துசேர முடியாத பிள்ளைகளுக்காக, குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் மட்டும், இணைப்பு உள்ளவர் மட்டுமே பார்க்கும்படி பட்டியலிடப்படாத நேரலையாக வைக்கிறோம். பெட்டியை அருகில் காட்டுவதில்லை. அழுபவர்களின் முகத்தைக் காட்டுவதில்லை. கல்லறைத் தோட்டத்தில் சிக்னல் குறைவாக இருப்பதால் அங்கே 480 பி தரத்துக்கு இறக்கிவிடுகிறோம். இந்த ஒரு பணிக்காகவே வாங்கிய கருவிகள் அனைத்தும் பயன்பட்டன என்று சொல்வேன்.

வாட்ஸ்அப் குழுவின் கதை வேறு. சேகரத்துக்கென ஒரே குழு இருந்தது. காலை வணக்கப் படங்களும், எங்கிருந்தோ வந்த செய்திகளும், பிறந்தநாள் வாழ்த்துகளும் அதில் நிரம்பின. ஆராதனை நேர மாற்றம் அவற்றின் அடியில் மறைந்தது. அதைவிடக் கவலை தந்தது ஜெப விண்ணப்பங்கள். ஒரு சகோதரியின் நோயை, அவருடைய அனுமதியின்றி, அன்பினால்தான், ஒருவர் குழுவில் எழுதிவிட்டார். சில நூறு பேர் படித்தார்கள். அது வேறு குழுக்களுக்கும் போயிற்று. அந்தச் சகோதரி பல வாரங்கள் ஆலயத்துக்கு வரவில்லை. அதன் பிறகு குழுவில் அட்மின்கள் மட்டுமே எழுதும்படி அமைத்தோம். ஜெப விண்ணப்பங்களைக் குருவானவரும் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஒரு பொறுப்பாளரும் மட்டுமே பார்க்கும் தனி எண்ணுக்கு மாற்றினோம். ஆலயத்தில் பெயர் சொல்லலாமா, நோயைச் சொல்லலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்ட பின்பே சொல்லப்படுகிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் படங்களைப் பெயரோடு வெளியிடுவதையும் நிறுத்தினோம். 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் பெற்றோரைக் கேட்பதே முறை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மறுநாளும் பெய்த மழை எங்கள் மாவட்டத்தை மூழ்கடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சென்னைக்குச் செல்லும் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தபோது, எந்தத் தெருவில் எந்த வீட்டில் தனியாக இருக்கும் முதியவர் உண்டு என்பதை எங்களுக்குச் சொன்னது பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வைத்திருந்த நோட்டுப் புத்தகம்தான். சிக்னல் திரும்பியதும் வாட்ஸ்அப் பயன்பட்டது. ஆனால் அதிலும் ஒரு குழப்பம் நேர்ந்தது: பால் வேண்டும், மருந்து வேண்டும் என்ற வேண்டுகோள்கள் நிறைவேறிய பிறகும் பகிரப்பட்டுக்கொண்டே இருந்ததால், ஒரே வீட்டுக்கு மூன்று குழுவினர் போனார்கள்; வேறொரு தெருவுக்கு யாரும் போகவில்லை. தேதி, நேரம், தெரு, பொறுப்பேற்றவர் ஆகிய நான்கும் இல்லாத வேண்டுகோளைப் பகிர்வதில்லை என்றும், முடிந்ததும் அதே செய்தியின் கீழே ‘முடிந்தது’ என்று எழுதுவது என்றும் வைத்துக்கொண்ட பின்பு ஒழுங்கு வந்தது.

வெள்ளத்துக்குப் பின் அந்த நோட்டுப் புத்தகத்தையே எங்கள் சமூக ஊடகப் பணியின் அடிப்படையாக்கினோம். வீட்டில் அடைபட்டிருப்போரின் பெயர்களைத் தெருவாரியாக எழுதினோம். குழுவுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலைத் தேர்ந்தெடுத்தோம். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. பதில் அனுப்பினால் நமக்கு மட்டுமே வரும். ஆனால் பெறுபவரின் கைபேசியில் நம் எண் பதிந்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். முதல் வாரத்தில் பாதிப் பேருக்குப் போகாததன் காரணம் அதுவே. ஆகவே வாலிபர்கள் வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு கைபேசியிலும் எண்ணைக் ‘கோயில்’ என்று பதிந்து, ஆலயத்தின் படத்தை அதற்கு வைத்து, முக்கோணத்தைத் தொட்டால் குரல் கேட்கும் என்று முதியோரின் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார்கள். அந்த வருகைகளே பாதி ஊழியமாக அமைந்தன. எத்தனையோ வீடுகளில் வாலிபர்கள் அப்போதுதான் முதன்முறையாக நுழைந்தார்கள்.

பதிவு செய்வதற்குக் கருவி எதுவும் வாங்கவில்லை. அங்கிகள் தொங்கும் அலமாரி இருக்கும் சிறிய வெஸ்டரி அறையில், விசிறியை நிறுத்தி, அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் சற்றுப் பக்கவாட்டில் பிடித்துப் பேசினால் போதும். துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும். முதலில் பத்து நிமிடம் பேசிய குருவானவர், பிறகு நான்கு நிமிடத்துக்குள் நின்றார். அன்றைய வசனத்தை இருமுறை நிதானமாக வாசிக்கிறார், ஒரே ஒரு கருத்தைச் சொல்கிறார், ஒரு சரணம் பாடப்படுகிறது, ஜெபிக்கிறார், கடைசியில் சில விநாடிகள் பேசாமல் விட்டு, “உங்களுக்கு ஜெபிக்க வேண்டியதைச் சொல்லுங்கள்” என்று முடிக்கிறார். ஒரு எம்பிக்கும் குறைவான இந்தப் பதிவு எந்தக் கைபேசிக்கும் சுமையல்ல.

நேரத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கவும் காலம் பிடித்தது. அதிகாலை ஐந்துக்கு அனுப்பியபோது காலை வணக்கப் படங்களின் நடுவே அது தொலைந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ குடும்ப ஜெபம் செய்வது தலைமுறைகளாக உள்ள வழக்கம். மாலை ஏழரைக்கு மாற்றியதும் அந்தப் பதிவு குடும்ப ஜெபத்துக்குள்ளேயே இடம்பிடித்தது. கைபேசியை வேதாகமத்தின் பக்கத்தில் வைத்து வீட்டார் எல்லோரும் கேட்கிறார்கள். அதன் பிறகுதான் பதில்கள் தொடர்ந்து வரத் தொடங்கின. எழுதத் தெரியாதவர்கள் குரலிலேயே அனுப்புகிறார்கள். பட்டன் கைபேசி மட்டும் உள்ளவர்களுக்கு, ஒரு வாரத்துப் பதிவுகளை மெமரி கார்டில் ஏற்றிச் சிறிய எஃப்எம் பெட்டியில் போட்டுக்கொடுக்கிறோம். கார்டை மாற்றும் சாக்கில் வாரம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போகிறோம்.

பதில் சொல்லும் பொறுப்பைத் தனியாக வகுத்துக்கொள்ளாமல் எந்தச் சபையும் இதைத் தொடங்கக்கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன். சபைக்கு வெளியிலிருந்து, பெயர் தெரியாத ஒருவர் எங்கள் முகநூல் பக்கத்துக்கு நள்ளிரவில் வாழப் பிடிக்கவில்லை என்று எழுதினார். தற்செயலாக விழித்திருந்தவர் பார்த்தார், பேசினார், விடியும்வரை உடனிருந்தார். தற்செயலை நம்பக்கூடாது என்பதால் இப்போது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முறைவைத்துப் பார்க்கிறார்கள். டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-உம், குழந்தைகளுக்கான 1098-உம் அவர்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஜெபம் செய்வதோடு அந்த எண்களையும் கொடுக்க வேண்டும் என்பதில் எங்கள் குருவானவர் உறுதியாக இருக்கிறார். இரவில் யாரும் பார்க்க இயலாத நாட்களில், அதையும் பக்கத்தில் தெளிவாக எழுதிவைக்கிறோம்.

நோட்டில் இப்போது நான்கு பத்திகள்: யார், என்ன கேட்டார், யார் போனார், மீண்டும் எப்போது போக வேண்டும். கமிட்டியில் பார்வையாளர் எண்ணிக்கையை வாசிப்பதற்குப் பதிலாக மூன்றாவது பத்தியில் காலியாக உள்ள இடங்களை வாசிக்கிறோம். ஞாயிறு நேரலை தொடர்கிறது; திருவிருந்து வேளையில் மட்டும் கேமரா ஆலயத்தின் சிலுவையை நோக்கித் திரும்பிவிடும், சபையாரின் முகங்கள் வராது. கூகுள் வரைபடத்தில் தவறாக இருந்த ஆராதனை நேரத்தையும் திருத்தினோம். வெளியூரிலிருந்து வருவோருக்கு இந்தச் சிறு திருத்தம் எங்கள் முகநூல் பக்கம் முழுவதையும்விட உதவியாக இருக்கிறது.

மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதானால் வரிசையை மாற்றுவேன். முதலில் நோட்டும் வீட்டு வருகையும், அடுத்து வெஸ்டரியில் கைபேசிப் பதிவு, அதன் பிறகு மிக்சரிலிருந்து ஒலி, கடைசியில் படம். முதல் இரண்டுக்கும் செலவே இல்லை. 13,500 ரூபாய்க்காகக் காத்திருக்காமல் எந்தச் சிறிய கிராமச் சபையும் வரும் ஞாயிற்றுக்கிழமையே இவற்றைத் தொடங்கலாம். எங்களுக்கு இன்னும் ஒரு குறை மீதமிருக்கிறது: காது மந்தமானவர்களுக்கு இந்த ஒலிப்பதிவு பயன்படுவதில்லை. ஒரு பக்கத்துக்கு ஆறு வரிக்கு மிகாமல், கறுப்புப் பின்னணியில் பெரிய வெள்ளை எழுத்துகளாக அதே செய்தியைப் படமாக்கி அனுப்பும் முயற்சியை ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர் ஏற்றிருக்கிறார். முதல் மாதிரியைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா என்று வீடுகளில் காட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எழுத்தை இன்னும் பெரிதாக்க வேண்டும் என்று தெரிகிறது.